வந்த கைகள் வந்தபடியே ஊர் திரும்பட்டும்

(வட மாநிலத் தொழிலாளர்களின் பணிப் பாதுகாப்பு குறித்து, ஜமாஅத் நிர்வாகிகள், தொழில் நடத்துவோர், வீட்டு உரிமையாளர்கள் பங்கேற்ற கலந்தாய்வுக் கூட்டத்தில் நமது டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்தோம். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞர், வயது இருபத்திரண்டு. பவர் பிரஸ்ஸில் வலது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. நம் ஜமாஅத்தின் கை தாராளமான கை. அல்ஹம்துலில்லாஹ், துண்டு நிறைந்தது. அவர் வேலை பார்த்த பட்டறையின் உரிமையாளரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்தான். அவர் போட்ட தொகைதான் எல்லாவற்றிலும் பெரியது. மைக்கில் அவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்தோம்.

அந்த இளைஞரை ஊருக்கு அனுப்பி வைக்கக் கோவை ஜங்ஷன் வரை நம் டிரஸ்ட் நண்பர்கள் சென்றோம். ரயில் வரும் வரை அவர் அதிகம் பேசவில்லை. பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டார்: "சாச்சா, அந்த விரல்களை யாராவது எடுத்து வைத்தார்களா?"

யாரும் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. கை மறு இணைப்பு அறுவைக்கு உலகமே அறிந்த கங்கா மருத்துவமனை இருக்கும் ஊரில் இது நடந்தது.

அதற்குப் பிறகுதான் விசாரித்தோம். அந்த பிரஸ்ஸில் கை உள்ளே போகாதபடி தடுக்கும் கார்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அது இருந்தால் வேலை மெதுவாக ஓடுகிறது என்பதுதான் காரணம். அந்த இளைஞர் இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யப்படவில்லை. அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவர் தலையாட்டியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக நம் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதவர் அவர். ஒரு வாரமாவது நாம் அவரிடம் எங்கே வேலை, என்ன வேலை, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தோமா?

அந்த உரிமையாளர் இன்று இந்தச் சபையில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். அவர் பட்டறையில் இன்று எல்லா பிரஸ்ஸிலும் கார்டு இருக்கிறது. எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. இருக்கிறது. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் அன்று அவர் செய்தது தவறென்றால், நாம் செய்ததும் தவறுதான். ஹக்காகக் கிடைத்திருக்க வேண்டியதை ஸதகாவாகக் கொடுத்து முடித்துவிட்டோம். அவருக்குச் சட்டப்படி சேர வேண்டியது என்ன என்று யாரும் கேட்காதபடி அந்தத் துண்டு மூடிவிட்டது.

இந்த ஊர் அழைத்த கைகள்

1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய காலத்திலிருந்தே கோவை வெளியூர்க் கைகளை அழைத்துக்கொண்டே இருக்கிறது. முதலில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். பிறகு தென் மாவட்டங்களிலிருந்தும் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் வந்தார்கள். நம்மில் பலருடைய பாட்டனாரும் அப்படிப் பிழைக்க வந்தவர்தான். இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாமிலிருந்து வருகிறார்கள். கணபதி, குறிச்சி, அரசூர் பக்கத்துப் பவுண்டரிகளிலும், பம்புசெட், கிரைண்டர் கம்பெனிகளிலும், சோமனூர், பல்லடம் தறிகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், பெருந்துறை சிப்காட்டிலும், நகைப் பட்டறைகளிலும், கட்டட வேலையிலும் இன்று அவர்கள் இல்லாமல் ஒரு ஷிப்ட் ஓடாது.

குர்ஆனில் கஸஸ் அத்தியாயத்தில் வரும் சம்பவம் உங்களுக்குத் தெரியும். மூஸா நபி (அலை) அவர்கள் எகிப்திலிருந்து உயிருக்கு அஞ்சி, கையில் ஒன்றுமில்லாமல் மத்யனுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்நிய ஊரில் அவர்களுக்கு வேலை கொடுத்த பெரியவர் என்ன செய்தார்? முதலில் பயத்தைப் போக்கினார். எட்டு ஆண்டுகள், விரும்பினால் பத்து ஆண்டுகள் என்று காலத்தைத் தெளிவாகப் பேசினார். உங்களைச் சிரமத்தில் ஆழ்த்த எனக்கு எண்ணமில்லை என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்தவரை வேலைக்கு வைக்கும் முறை இதிலேயே இருக்கிறது. அபயம், சொல்லில் தெளிவு, தாங்க முடியாத பாரம் ஏற்றாமை. தாங்க முடியாததைச் சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்

நம் வீடுகளில் பாதிக்கு மேல் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்திருப்பார். 2024 ஜூன் 12 அதிகாலை, குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. நம் நாட்டவர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஜனாஸாக்களும் சடலங்களும் விமானப்படை விமானத்தில் கொச்சியில் வந்து இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். துஆ செய்தோம். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் இறக்கவில்லை, தூங்கும் இடத்தில் இறந்தார்கள். நெருக்கமான அறைகளும் புகை வெளியேற வழியில்லாத கட்டடமும்தான் இத்தனை உயிர்களைப் பறித்தன என்று அன்று நாம் எல்லோரும் கோபப்பட்டோம்.

இப்போது நம் தெருவைப் பார்ப்போம். உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கத்தில் லைன் வீடுகளை வட மாநிலப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். வாசல் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். ஜன்னலில் கம்பி. வெளியே வர ஒரே கதவு. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தீப்பிடித்தால் அவர்கள் எந்த வழியாக வருவார்கள்? குவைத் முதலாளி மேல் நமக்கு இருந்த அந்தக் கோபத்தை ஒரு நிமிடம் நம் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

நல்ல உதாரணமும் உண்டு. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியில் தேறாமல் வேலை இடத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அந்தப் பயிற்சி அங்கே தமிழிலும் வங்காளியிலும் நடத்தப்படுகிறது. உயரத்தில் ஏறும்போது பெல்ட்டை எங்கே மாட்ட வேண்டும் என்று அந்த நாடு நம் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறது. நம் ஊருக்கு வந்த பீகார்ப் பிள்ளைக்கு அவன் மொழியில் அதைச் சொல்லிக் கொடுத்தது யார்?

மொழி தெரிந்தவர்கள் நாம்

2023-ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறோம். மார்ச் மாதம், தமிழ்நாட்டில் வட மாநிலத்தவரைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்து ஊருக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். அரசும் காவல்துறையும் இந்தியில் விளக்கம் கொடுத்தார்கள். பீகார் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துச் சென்றார்கள். அப்போது நம் மஹல்லாவில் உருது பேசும் பெரியவர்கள் சிலர் லைன் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசினார்கள். பயம் தணிந்தது. அந்தப் பெரியவர்களை அவர்களுக்கு ஜும்ஆவில் பார்த்த முகமாகத் தெரியும். அதனால் நம்பினார்கள்.

அதே ஆண்டு ஜூலை 4 அன்று, நம் குனியமுத்தூரிலேயே ஒரு தனியார் கல்லூரியின் சுற்றுச்சுவர் வேலையின்போது சுவர் இடிந்தது. ஆந்திராவிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் 4 பேர் அன்றே உயிரிழந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து மூவர் இறந்திருந்தார்கள்.

சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டினால், மழை பெய்து மண் இளகியிருந்தால், அந்த வேலையை நிறுத்த வேண்டும் என்பது அனுபவமுள்ள கொத்தனாருக்குத் தெரியும். ஆனால் புதிதாக வந்த தொழிலாளிக்கு ஆபத்து தெரிந்தாலும் அதைச் சொல்ல மொழி இல்லை. மொழி இருந்தாலும் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். ‘நான் போக மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் இல்லை. பாதுகாப்புக்கு ஹெல்மெட்டும் கையுறையும் எவ்வளவு அவசியமோ, பயமில்லாமல் ‘இது ஆபத்து’ என்று வாய் திறக்கும் நிலைமையும் அவ்வளவு அவசியம்.

அந்த வாயைத் திறக்க வைக்க நம்மால் முடியும். அரசு அலுவலகத்துக்கு அவர்கள் போக மாட்டார்கள். யூனியனுக்குப் போகத் தயங்குவார்கள். பள்ளிவாசலுக்குத் தாமாகவே வருகிறார்கள். நம் ஹஸ்ரத்மார்களுக்கு உருது தெரியும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அது தாய்மொழி. அல்லாஹ் நமக்குக் கொடுத்திருக்கும் இந்த நிஃமத் ஓர் அமானிதம்.

நம் தொழில்களில் உள்ள ஆபத்துகள்

பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அதனால் நமக்குத் தெரிந்த தொழில்களையே எடுத்துக்கொள்வோம்.

உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். வாய் மூடிய டப்பா, ஷாக் அப்சார்பர், பழைய சிலிண்டர் ஆகியவற்றை வெட்டித் திறக்காமல் லோடில் கலந்து அனுப்பினால், அது பவுண்டரி உலையில் போய் வெடிக்கும். ஈரமான இரும்பும் அப்படித்தான். உருகிய உலோகத்தில் ஒரு துளித் தண்ணீர் சிக்கினாலும் நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி அடிக்கும். உலை முன்னால் நிற்பவர் ஏதோ ஓர் ஒடிசாப் பிள்ளை. நம் குடோனில் நாம் காட்டும் அலட்சியம் அவர் முகத்தில் தெறிக்கிறது.

மோல்டிங் மணலிலும், கிரைண்டர் கல் அறுக்கும் இடத்திலும் பறக்கும் நுண்ணிய தூசு நுரையீரலைக் கல்லாக்கும். இதைச் சிலிக்கோசிஸ் என்கிறார்கள். வந்த பிறகு குணமாக்க மருந்தில்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. தூசை உறிஞ்சும் ஃபேனும், தண்ணீர் தெளித்து அறுக்கும் முறையும், முறையான மாஸ்க்கும் வேண்டும். மில்களில் பஞ்சுத் தூசும் இப்படித்தான் மூச்சை அடைக்கிறது. தறிக்கூடத்தில் காது போகிறது.

சாயப்பட்டறைத் தொட்டியிலும் செப்டிக் டேங்கிலும் விஷவாயு தேங்கும். ஒருவர் மயங்கி விழுந்ததைப் பார்த்து, காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் இறந்துபோவதை ஆண்டுதோறும் செய்திகளில் படிக்கிறோம். எந்த அவசரத்திலும் மனிதரை இறக்காதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம்.

விரல் துண்டானால் என்ன செய்வது என்பதை இன்று எல்லோரும் தெரிந்துகொண்டு போக வேண்டும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். துண்டான விரலைத் தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. 108-ஐ அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் கை அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். இதைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பட்டறைக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.

கணக்கைப் பார்ப்போம்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும். சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உரிமை உண்டு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நீங்கள் கட்ட வேண்டியது மாதம் 500 ரூபாய்க்கும் குறைவு. வேலையின்போது அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை போகும். சிகிச்சைக்கு சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையே இருக்கிறது.

பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்கள், நமக்குப் பொறுப்பில்லை என்று நினைக்க வேண்டாம். 1923-ஆம் ஆண்டிலிருந்தே இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கிய 25 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், அந்தப் பழைய சட்டத்தின் கணக்குப்படி 16 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. அதை முதலாளிதான் கொடுக்க வேண்டும். தனியார் இன்சூரன்ஸில் மார்க்க ரீதியாக ஐயம் உள்ளவர்கள் நம் உலமாக்களிடம் கேட்டுத் தெளியுங்கள். ஆனால் ஐயத்தைக் காரணம் காட்டி ஏற்பாடே செய்யாமல் இருப்பது, அந்தத் தொழிலாளியின் யதீம் பிள்ளைகளின் ஹக்கைக் காற்றில் விடுவதாகும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்பதும் பதிலாகாது. நம் இடத்தில், நம் வேலையில், நம் கண் முன்னால் நிற்பவர் அவர்.

இது சிறு முதலாளிக்குச் சிரமம் என்று சிலர் சொல்வது நமக்குத் தெரியும். ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி ரேட்டைக் குறைக்கிறது, கரண்ட் கட்டணம் ஏறுகிறது, எல்லாம் உண்மை. அந்த நெருக்கடியை அரசிடமும் தொழில் அமைப்புகளிடமும் சேர்ந்து போய்ச் சொல்வோம். டிரஸ்ட்டும் கூட வரும். ஆனால் அந்த மிச்சத்தை ஒருவருடைய விரலிலிருந்து எடுக்க நமக்கு அனுமதியில்லை.

சேர்ந்து செய்ய வேண்டியவை

தனியாக ஒரு டிரஸ்ட் இதைச் செய்ய முடியாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரிகள், இ.எஸ்.ஐ. மருத்துவர்கள், கொடிசியா போன்ற தொழில் அமைப்புகள், தொழிற்சங்கங்கள் எல்லோரையும் அணுகப் போகிறோம். பக்கத்துக் கோயில் கமிட்டியாரையும் சர்ச் நிர்வாகிகளையும் அழைக்கப் போகிறோம். வந்திருக்கும் தொழிலாளர்களில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். ஜார்க்கண்டின் பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உதவி கேட்டு வருபவரிடம் பெயர் கேட்டுப் பிரித்துப் பார்ப்பது நம் வழியல்ல. நம் பள்ளிவாசலுக்கு வராதவரை அவருக்குப் பழக்கமான இடத்தில் சென்று சந்திக்க இந்தக் கூட்டுறவு வேண்டும்.

இன்று உங்களிடம் கேட்பது நான்கு காரியங்கள்.

ஒன்று, ஜும்ஆ பயானுக்கு முன் மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் உருதுவில் பணிப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும். அதே செய்தியைத் தொழிலாளர்களில் ஒருவரே வங்காளியிலும் ஒடியாவிலும் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அவர்களில் பலர் எழுத்தை விடக் குரலைத்தான் கேட்பார்கள்.

இரண்டு, ஒவ்வொரு லைன் வீட்டிலும் அவர்களே நம்பும் இருவரைத் தேர்ந்தெடுத்து முதலுதவிப் பயிற்சி கொடுப்போம். விபத்து நடந்தால் 108-க்கும் அடுத்து டிரஸ்டுக்கும் அவர்கள் சொல்ல வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்று அடிபட்டவரிடம் சொல்லவும் ஆள் வேண்டும்.

மூன்று, தொழில் நடத்தும் சகோதரர்கள் நம்மிலிருந்தே தொடங்குவோம். கழற்றிய கார்டு இந்த வாரமே திரும்ப மாட்டப்படட்டும். விடுபட்டவர்கள் இந்த மாதமே இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்படட்டும். வேலை நியமனக் கடிதம் கொடுங்கள். ‘இது ஆபத்து’ என்று சொன்னவரை வேலையை விட்டு நிறுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள்.

நான்கு, வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் சிலிண்டரை அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். வெளியேற இரண்டாவது வழி இருக்கட்டும். ஓர் அறையில் எத்தனை பேர் என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். வாடகை சற்றுக் குறையலாம். அந்தக் குறைவை அல்லாஹ்வின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, முஹாஜிர்களை அன்ஸார்கள் வீடுகளில் ஏற்றார்கள், தொழிலில் சேர்த்துக்கொண்டார்கள், சகோதரராக நடத்தினார்கள். ஊருக்கு வந்தவரை ஊர் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு நமக்கு வேறு பாடம் தேவையில்லை.

அந்த இளைஞர் இப்போது ஊரில் சிறு கடை வைத்திருக்கிறார். பெருநாளுக்கு இன்றும் போன் செய்து ஸலாம் சொல்வார். நம்மீது அவருக்குக் கோபமில்லை. அதுதான் நமக்கு அதிக வெட்கமாக இருக்கிறது. அன்று ரயில் நிலையத்தில் அவர் கேட்ட கேள்வியை இன்னொரு பிள்ளை நம்மிடம் கேட்கும் நிலை வரக்கூடாது. இங்கே வந்த கைகள் வந்தபடியே தங்கள் தாயிடம் திரும்பிச் செல்ல வேண்டும்.

யா அல்லாஹ், எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக. எங்களிடம் வேலைக்கு வந்தவர்களின் உயிரையும் உடலையும் காக்கும் பொறுப்பில் எங்களை நேர்மையானவர்களாக ஆக்குவாயாக. பரதேசத்தில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளையும், எங்கள் ஊரில் உழைக்கும் பிறர் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.